கப்பலில் குடிதண்ணீர் எங்கே என்று கேட்ட மாரப்பன்

திருச்செங்கோடு மாரப்பன் இறந்துவிட்டார் என்று சென்ற செவ்வாய்க்கிழமை காலை எங்கள் வரலாற்று வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. கூடவே ஒரு படம். அது அவர் படம் அல்ல. பெரிய மீசை வைத்த வேறு யாரோ. அதற்குள் பத்துப் பதினைந்து பேர் கீழே கைகூப்பியிருந்தார்கள். எனக்குச் சந்தேகம் தட்டியது. அவர் வீட்டுக்கே போன் செய்தேன். மனைவி நல்லம்மாள் எடுத்தார்.

"நெசந்தானுங்க சார். விடியால நெஞ்ச வலிக்குதுன்னாருங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்க" என்றார்.

அதற்குப் பிறகுதான் நம்பினேன்.

மாரப்பன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளில் கம்ப்ரசர் மெக்கானிக்காக இருந்தவர். ராஜஸ்தான், ஒரிசா என்று ஆண்டில் பாதிநாள் வெளியூரில்தான் கழியும். நான் சேலத்தில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறவன். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு அஸ்தம்பட்டியில் ஒரு கூட்டத்தில் சோழர் கடற்படையைப் பற்றிப் பேசினேன். ஆயிரம் போர்க்கப்பல்கள் கடாரத்துக்குக் கிளம்பின என்று நான் சொன்னதும் கைதட்டல் எழுந்தது. அது அடங்கியபின் கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"ஏனுங்க சார், அத்தன பேரு கடல்ல போனாங்கன்னா, குடிக்கிற தண்ணிய எங்கீங்க வெச்சிருந்தாங்க?"

பீப்பாய்களில் வைத்திருப்பார்கள் என்றேன். பார்த்தவர்கள் யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

அடுத்து ஆத்தூரில் பேசினேன், அங்கேயும் வந்திருந்தார். புகையும் மழையுமாக இருக்கும்போது எதிரிக் கப்பல் எது, நம் கப்பல் எது என்று எப்படித் தெரியும் என்றார். இன்னொரு கூட்டத்தில், ஒரே கடற்போரைப் பற்றி வென்றவர் சொன்னதும் தோற்றவர் சொன்னதும் ஒத்துப்போகிறதா என்று கேட்டார். ஒரு கூட்டத்துக்கு ஒரு கேள்விதான். பதிலைக் குறித்துக்கொண்டு போய்விடுவார். எனக்குப் போட்டியாக மேடையேறும் ஒருவர்தான் இவரைக் கிளப்பிவிடுகிறார் என்று முடிவு கட்டினேன். ரிக் மெக்கானிக்குக்குப் போர்க்கப்பலோடு என்ன வேலை?

நாமக்கல் கூட்டத்தில் அவர் எழுந்ததுமே, "உங்களை யார் அனுப்பியது என்று முதலில் சொல்லுங்கள்" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டேன். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூட்டம் முடிந்து வெளியே வந்தால் எதிர் டீக்கடையில் காத்திருந்தார். சண்டைக்குத்தான் நிற்கிறார் என்று நினைத்தேன். எனக்கும் ஒரு டீ சொன்னார்.

விசாகப்பட்டினம் பக்கம் வேலைக்குப் போனபோது, கடற்கரையில் காட்சிக்கு வைத்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்குள் போய்ப் பார்த்தாராம். அத்தனை பேர் மூச்சுவிடும் காற்றை எப்படிச் சமாளித்தார்கள் என்று அன்று தொற்றிய கேள்வி, அதன்பின் கப்பல் என்றாலே விடவில்லை என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, வாலிபத்தில் நடந்த ஒன்றைச் சொன்னார். மத்தியப் பிரதேசத்தில் ஒரு பாயிண்டில், அதாவது கிணறு தோண்டும் இடத்தில், ரிக் ஓட்டிக்கொண்டிருந்தபோது, காற்றுக் குழாயைச் சோதித்தாயிற்று என்று முந்தைய ஷிப்ட்காரர் எழுதி வைத்திருந்தார். மாரப்பன் அதைப் படித்துவிட்டு கம்ப்ரசரைப் போட்டார். குழாய் வெடித்துத் திரும்பி அடித்ததில், பக்கத்தில் நின்றிருந்த கூட்டாளி அங்கேயே இறந்துபோனார்.

"எழுதி இருந்துச்சுங்க. நான் போயிப் பாக்கல. அன்னையிலிருந்து யாரு பாத்தாங்கன்னு கேக்காம என்னால இருக்க முடியறதில்லீங்க. உங்கள மட்டந்தட்டோணும்னு வாரதில்லீங்க சார்."

டீக்கு நானே காசு கொடுத்தேன். ஆனாலும், உண்மையைச் சொல்கிறேன், பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கதையையும் நான் சந்தேகப்பட்டேன்.

அப்போது சோழர் கடற்படை பற்றிய என் புத்தகம் அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. அட்டையில் ஒரு சோழர் போர்க்கப்பல். உள்ளே ஆயிரம் கப்பல்கள். கடாரப் படையெடுப்பைச் சொல்லும் கல்வெட்டின் பாடத்தை எடுத்துப் பார்த்தேன். பல கப்பல்கள் என்றுதான் இருந்ததே தவிர எண்ணிக்கை இல்லை. நான் ஆயிரத்தை எடுத்தது ஒரு பழைய விழா மலரிலிருந்து. அதை எழுதியவர் கெங்கவல்லியில் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு போனேன். தொண்ணூறை நெருங்கியவர். மரவள்ளிக் காட்டோரம் கட்டிலில் படுத்திருந்தார்.

"மேடைக்கு எடுப்பா இருக்கட்டும்னு நான்தான் போட்டேன் தம்பி. யாரு வந்து எண்ணப் போறான்?" என்றார்.

அட்டைப்படத்தைத் தேடிப்போனால், அது எந்தக் காலத்துச் சோழனும் கண்டிராத கப்பல். ஒரு ஓவியர் மனதில் தோன்றியபடி வரைந்தது. அட்டையை மாற்றி, ஆயிரம் கப்பல் அத்தியாயத்தையே எடுத்துவிட்டேன். புத்தகம் மெலிந்து வந்தது. பல இடங்களில் 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தேன். வெளியீட்டுக்கு மாரப்பன் வந்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டு, "தெரியலைன்னு எழுதியிருக்கறீங்களே, நல்லாத் தேடிப் பாத்துட்டுத்தான எழுதுனீங்க?" என்று கேட்டார். முதல்முறையாக இருவரும் சேர்ந்து சிரித்தோம். அதன்பின் நான் எழுதிய எதுவும் அவர் படித்துப் பார்க்காமல் அச்சுக்குப் போனதில்லை.

மூன்றாம் நாள் ஜேடர்பாளையத்தில் காவிரியில் அஸ்தியைக் கரைத்தார்கள். நானும் போயிருந்தேன். அவரோடு ரிக்கில் ஓடிய வேலுச்சாமி என்பவரை அங்கே சந்தித்தேன். மத்தியப் பிரதேச விபத்தைப் பற்றி மெல்ல விசாரித்தேன். அவர் அன்று அதே வண்டியில் இருந்தவர். அப்படியே நடந்தது என்றார். செத்துப்போனவர் வீட்டுக்கு மாரப்பன் ஆண்டு தவறாமல் போய்வருவார் என்பதையும் அவர்தான் சொன்னார். மாரப்பன் அதை என்னிடம் சொன்னதே இல்லை.

வந்திருந்தவர்கள், அவர் வாழ்நாளில் பொய்யே சொன்னதில்லை என்று பேசிக்கொண்டார்கள். அது எனக்குத் தெரியாது. ஆறு ஆண்டுகள்தான் பழக்கம். பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். பத்து நாளுக்கு முன்பு போன் செய்து, கடாரம் போன படையோடு குதிரைகளும் போயினவா, போயிருந்தால் துறைமுகம் இல்லாத இடத்தில் எப்படி இறக்கினார்கள் என்று கேட்டிருந்தார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

தடுப்பணைக்குக் கீழே, முழங்கால் ஆழத்தில் நல்லம்மாள் பானையைச் சாய்த்தார். சாம்பல் சிறிது நேரம் அவர் சேலையைச் சுற்றியே நின்றது. பிறகு நீரோட்டத்தோடு கிளம்பியது.

குதிரைகளைப் பற்றி இன்னும் தெரியவில்லைங்க மாரப்பன். தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்கள் நிம்மதியாகப் போய்ச் சேருங்கள்.