கருவாட்டில் இல்லாத மண்

போன மாதம் ஒரு வெள்ளி, ஜும்ஆ முடிந்து வந்து சோற்றில் கை வைக்கிறேன்... போன் அடிக்கிறது. தெரியாத நம்பர்.

தெரியாத நம்பர் என்றால் எனக்கு என்ன ஆகும் என்று வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். பேங்க்கா, பொலிஸா, யாருக்காவது எக்சிடென்ட்டா — எல்லாவற்றையும் நினைத்து முடித்த பிறகுதான் எடுப்பேன்.

முந்தல் ஊரிலிருந்து ஒரு பெண். கருவாட்டு வெப்சைட்டைப் பார்த்துவிட்டுப் பேசுகிறாராம்.

எனக்கு எப்போது கருவாட்டுக் கடை வந்தது என்கிறீர்களா? கடை என்னுடையதில்லை. மனைவியின் தங்கை ரிஸ்வானாவுடையது. கற்பிட்டியில் இருக்கிறாள். கணவன் கடலிலிருந்து கொண்டுவருகிற கட்டா, பாரை மீன்களை வெட்டி, உப்புப் போட்டு, காயவைத்து, கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒரே கருவாட்டுக் கடை முதலாளிக்குக் கொடுத்து வந்தவள். அவர் சொன்னதுதான் விலை. இந்த வருஷம்தான், "இனி என்ட பேர்லயே விக்கப் போறேன் மச்சான்" என்றாள்.

முதலாளி கோபப்படவில்லை. சிரித்தாராம். "சரிவராட்டி வா புள்ள, எங்கட கதவு திறந்துதான் கிடக்கும்" என்றாராம்.

கோபப்பட்டிருந்தால் மறந்திருப்பாள். அந்தச் சிரிப்புத்தான் குத்தியது. அந்தக் கதவுக்குத் திரும்பிப் போகக் கூடாது... அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கொழும்பில் ஒரு டிசைனரைப் பிடித்து சைட் செய்தோம். பெண் பிள்ளையின் நம்பரை ஊர் பார்க்கப் போடுவதா என்று குடும்பத்தில் கதை வந்ததால், போட்டது என் நம்பர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு சலாம் சொன்னவனிடம் ஒரு வெப்சைட்டே வந்து சேர்ந்தது!

சைட் என்றால் சைட். திறந்தவுடன் மாலை வெயில், கடல், தங்க நிறத்தில் மணல். மணலில் வரிசையாக மீன். குடும்பத்தில் எல்லோருக்கும் அனுப்பினேன். எல்லோரும் "மாஷா அல்லாஹ்" என்று பதில் போட்டார்கள். ஒருவரும் வாங்கவில்லை.

வெளியாட்களும் அப்படித்தான். வருகிறார்கள், பார்க்கிறார்கள், போகிறார்கள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. பட்டன் சிவப்பாக இருப்பதாலா? பச்சையாக்கச் சொன்னேன். எழுத்து சின்னதா? பெரிதாக்கச் சொன்னேன். பேங்க் கார்ட் கேட்பதால் பயப்படுகிறார்களா? சாமான் வந்த பிறகு காசு கொடுத்தால் போதும் என்று போடச் சொன்னேன். டிசைனர் பாவம், என் மெசேஜைப் பார்த்தாலே ஒளிந்திருப்பார்.

ரிஸ்வானாவின் அறையில் பெட்டிகள் கூரை நோக்கி வளர்ந்தன. மழை பிடித்தால் ஈரக் காற்று ஏறிவிடும். "முதலாளிக்கு சொல்லியனுப்பவா மச்சான்?" என்று ஒரு நாள் மெதுவாகக் கேட்டாள். கொஞ்சம் பொறு என்றேன். எதை நம்பிச் சொன்னேன்? எனக்கே தெரியாது.

இந்த நேரத்தில்தான் முந்தல் போன். அண்ணன் முறை வைத்துத்தான் பேசினார்.

"படம் நல்ல அழகு நானா. ஆனா மண்ணுல காயப்போட்ட கருவாடு எங்கட வீட்டுல எடுக்க மாட்டம். எத்தன தரம் கழுவினாலும் பல்லுல கடிபடும்."

பிசைந்த சோறு கையிலேயே நின்றது.

ஏனென்றால் ரிஸ்வானாவின் கருவாடு மண்ணையே கண்டதில்லை. வீட்டு வளவில் கம்பு நட்டு, இடுப்பு உயரத்தில் வலை கட்டி, அதன் மேல்தான் காயவைப்பாள். காகம் கொத்தாமல் இருக்க மேலே இன்னொரு வலை.

அப்படியானால் படத்தில்? அது நாங்கள் பார்த்த வேலை. படமெடுக்க வந்த டிசைனருக்கு வளவு பிடிக்கவில்லை. கோழி நிற்கிறது, கொடியில் அவள் கணவன் உடுத்துகிற சாரம் தொங்குகிறது. கடற்கரையில் பரப்பினால் அருமையாக இருக்கும் என்றார். நானும் தலையாட்டினேன். ரிஸ்வானா மட்டும் "மண்ணுலயா?" என்றாள். படத்துக்குத்தானே என்றோம். முடிந்ததும் அந்த மீனையெல்லாம் தனியாக ஒரு கூடையில் போட்டாள். "இது இனி விக்க ஏலா" என்றாள். காதில் விழுந்தது... மண்டையில் ஏறவில்லை.

விற்க முடியாது என்று அவளே ஒதுக்கிய மீனைத்தான் கடையின் முகப்பில் வைத்திருந்தோம்.

முந்தல்காரிக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டு ரிஸ்வானாவுக்குப் போன் போட்டேன். சிரித்தாள். பிறகு தன் போனிலேயே வலைப் பந்தலை ஒரு படம் எடுத்து அனுப்பினாள். "சாரம் தெரியுதே நானா" என்று டிசைனர் முனகினார். தெரியட்டும் என்றேன். படத்துக்குக் கீழே ஒரே வரி, தமிழிலும் சிங்களத்திலும்: வலையில் காய்ந்தது, மண் படாதது.

முதல் ஓடர் முந்தலிலிருந்தே வந்தது. அடுத்தது சிலாபம். பிறகு கண்டி, மாத்தளை... கடல் பார்க்க வருகிறவருக்குக் கற்பிட்டியில் ஹோட்டல் இருக்கிறது. சோற்றுக்குக் கருவாடு தேடி வருகிறவர் பார்ப்பது மண் இருக்கிறதா என்றுதான். அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று தெரியாமல் பட்டனுக்கு எந்த நிறம் பூசி என்ன? பயத்திலேயே குடியிருக்கிற எனக்கு இது முதலிலேயே விளங்கியிருக்க வேண்டாமா?

பெட்டிகள் குறைகின்றன. இப்போது என் கவலை, வெயில் போதுமா என்பது. பரவாயில்லை, இது நல்ல ஜாதிக் கவலை.

நேற்று முதலாளி என்னைக் கற்பிட்டிக் கடைத்தெருவில் பிடித்தார். நல்ல கட்டா இருந்தால் தனக்கும் கொஞ்சம் தர வேண்டுமாம். ரிஸ்வானாவிடம் சொன்னேன்.

"அவருக்கும் சைட் திறந்துதான் கிடக்கு மச்சான்."