ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல்

தொண்ணூற்றேழாம் வருடம், வைகாசி மாதம். வாடிப்பட்டியிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர் போனால் வரும் எங்கள் ஊரில், அண்ணன் வீட்டின் பின்பக்க அறையில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. இதுவரை வெளியாட்களிடம் இதை முழுதாகச் சொன்னது ஒரே ஒரு தடவைதான். சொன்னால் எங்கள் வீட்டு ஆட்களைக் கொலைகாரர்கள் என்று நினைத்துவிடுவார்கள். அவர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. என்னை அதிகம் பயமுறுத்துவதே அதுதான்.

அதற்கு ஏழு மாதம் முன்பு வரை மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருந்தேன். வாய் ஜாஸ்தி. ஒரு சேலை கேட்டு வந்தவரை மூன்று சேலையோடு அனுப்புகிற வாய். ஐப்பசியில் ஒரு நாள், கூட வேலை பார்த்த பெண்ணின் கல்யாணத்துக்கு வேனில் போய்த் திரும்பும்போது வேன் கவிழ்ந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு, எனக்கு முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வீட்டில் அம்மா, அண்ணன், மதினி மூன்று பேர். அம்மாவால் என்னைத் தூக்க முடியாது. அதனால் என் மலம், மூத்திரம், துணி, குளிப்பாட்டல் எல்லாம் மதினி தலையில் விழுந்தது. மதினி மதுரை டவுனில் பிறந்து வளர்ந்தவர். முகத்தில் சிரிப்பே இல்லாமல் எல்லாவற்றையும் செய்வார். பேச மாட்டார். சாப்பாட்டுத் தட்டை என் பக்கத்தில் நங்கென்று வைப்பார். அந்தச் சத்தத்தை வைத்தே அவர் மனதைப் படித்துவிட்டதாக நினைத்தேன். 'எப்போதுதான் இது போய்ச் சேருமோ' என்று நினைக்கிறார் என நானே முடிவு கட்டிவிட்டேன்.

ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்ததில் முதுகுக்குக் கீழே புண் வந்தது. வலி தெரியாது, நாற்றம் தெரியும். காய்ச்சல் வரும், உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். பார்க்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்தக் கூடாதே என்று கஷ்டப்பட்டுப் பொத்தாமல் நிற்பார்கள். அதைப் பார்ப்பது அதைவிடக் கொடுமை. தினமும் ஒரு தடவையாவது "என்னையக் கொன்னுருங்கம்மா" என்பேன். அம்மா அழுவார். பங்குனியில் ஒரு நாள் காய்ச்சல் கொதிக்கிறபோது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாவது பண்ணி என்னைய அனுப்பி விட்ரும்மா. ஒனக்குப் புண்ணியமாப் போகும்" என்றேன். அன்று அம்மா அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

எங்கள் பக்கத்துச் சில ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. வாதம் வந்து, மாதக் கணக்கில் உயிர் போகாமல் இழுத்துக்கொண்டு கிடக்கிற வயதானவர்களுக்கு 'தலைக்கு ஊத்துவார்கள்'. எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுப்பார்கள். அதோடு கதை முடிந்துவிடும். யாரும் அதைக் கொலை என்று சொல்ல மாட்டார்கள். நல்லபடியாக அனுப்பி வைத்தோம் என்பார்கள். சின்ன வயதில் தெருவில் இரண்டு சாவு அப்படி நடந்து பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை பகல் முழுக்க எங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருத்தர் அல்வா வாங்கி வந்தார். இன்னொருத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன ஆசையோ கேளு தாயி, வாங்கித் தாரேன் என்றார். திடீரென்று எல்லாருக்கும் என் மேல் இம்புட்டுப் பாசமா என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினார். பெரியம்மாவை எங்கள் சொந்தத்தில் பிரசவத்துக்குக் கூப்பிடுவார்கள், இதற்கும் கூப்பிடுவார்கள். பிரசவம் ஆகிற நிலையில் வீட்டில் யாரும் இல்லை. காய்ச்சல் மயக்கத்தில் எனக்கு எதையும் கூட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை நல்லெண்ணெய் காயும் வாசத்தில் கண் விழித்தேன். ஆகா, தலைக்குக் குளித்து எத்தனை மாதமாயிற்று என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான், வாரம் முழுக்க லீவே இல்லாத அண்ணன் வேலைக்குப் போகாமல் வாசலில் நிற்பது தெரிந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டில் பொம்பளைகள் செவ்வாய், வெள்ளி தவிர வேறு நாளில் தலையில் எண்ணெய் தொட மாட்டார்கள். அம்மா அதில் ரொம்பக் கறார். கதவு மூலையில் பச்சை இளநீர் ஐந்தாறு கிடந்தது. தெருவில் பார்த்த அந்த இரண்டு சாவும் ஞாபகம் வந்தன.

"இன்னைக்கு என்ன கெழம?" என்று கேட்டேன்.

அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டேன். பெரியம்மாதான், "கெழமையில என்னத்தா இருக்கு" என்றார்.

"வேணாம்மா. நான் அன்னைக்குக் காச்சல்ல சொல்லிட்டேன். எனக்கு வேணாம்."

அம்மா முந்தானையை முகத்தில் பொத்திக்கொண்டார். பெரியம்மா என் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைத் தடவினார். "பயம் வரத்தேன் செய்யும். எல்லாருக்கும் வரும். கண்ண மூடிக்க. நீ கேட்டதத்தேன செய்யிறோம்."

அது பொய்யில்லை. கேட்டது நான்தான். ஒரு தடவையா, இரண்டு தடவையா? சேலை விற்ற வாயால் சாவை விற்று வைத்திருக்கிறேன், வீடே வாங்கிவிட்டது. வாசலில் நின்ற அண்ணனைப் பார்த்துக் கத்தினேன். "அண்ணே, என்னையத் தூக்கி வெளிய ரோட்டுல போட்ருண்ணே. நான் எப்படியோ போயிக்கிறேன்." அண்ணன் திரும்பவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது. "நீ படுற பாட்டப் பாக்க முடியல பாப்பா" என்று அந்தப் பக்கமே பார்த்துச் சொன்னார்.

பயம் வந்தால் எல்லாரும் ஓடுவார்கள். எனக்குக் கால் கேட்காது. என் பயமெல்லாம் கைக்கு வந்துவிட்டது. கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பெரியம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். இழுக்கவில்லை, பிடுங்கவில்லை. தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுக்கிற மாதிரி, அவ்வளவு பதமாக. அவர் கையில் கோபமே இல்லை. இன்றுவரை என் கெட்ட கனவில் வருவது அந்தப் பதம்தான்.

அப்போது முற்றத்தில் தண்ணீர்க் குடம் நங்கென்று இறங்கியது. அடிகுழாய்க்குப் போயிருந்த மதினி. 'இவளும் வந்துவிட்டாள், இனி ஆள் பற்றாக்குறை இல்லை' என்று நினைத்தேன். இந்த ஏற்பாட்டுக்கே தலைவி அவர்தான் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

மதினி உள்ளே வந்து நின்றார். "ஞாயித்துக்கெழம என்னத்துக்கு எண்ணெ?" என்றார். டவுன்காரி, இவளுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று அவரிடம் யாருமே சொல்லவில்லை என்பது அந்தக் கேள்வியில்தான் எனக்குத் தெரிந்தது. அவர் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தார், இளநீரைப் பார்த்தார், என் விரல்களைப் பார்த்தார்.

"வேணாங்கிறேன் மதினி. கேக்க மாட்டேங்கிறாக" என்றேன்.

ஈரச் சேலையோடு வந்து கட்டிலில், என் மேல் பாதியும் சட்டத்தில் பாதியுமாக உட்கார்ந்தார். பெரியம்மா கையை எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அம்மா, "அவளேதேன் கேட்டா. ஒன் முன்னாடியுந்தேன் கேட்டா" என்றார்.

"கேட்டா அத்தே. இப்ப வேணாங்கிறா. இதையும் அவதேன சொல்றா?"

"எம்புட்டு நாளைக்கு நீ பீ மூத்தரம் அள்ளுவ?" என்றார் பெரியம்மா. "ஒனக்கும் சேத்துத்தேன் ஆத்தா இது."

மதினிக்கு அதில்தான் ஆத்திரம் வந்தது. "எனக்காகவா? நான் வந்து ஒங்ககிட்டச் சொன்னனா? சலிப்பாத்தேன் இருக்கு. தெனமும் சலிப்பாத்தேன் இருக்கு. அதுக்கு ஆளக் கொல்லுவீகளா? நாளைக்கு எனக்கு இடுப்பு ஒடிஞ்சா எனக்கும் எண்ணெ காச்சுவீகளா?" வாசல் பக்கம் திரும்பி, "ஏங்க, நீங்களே சொல்லுங்க. எனக்கும் காச்சுவீகளா?" என்றார்.

அண்ணன் அப்போதுதான் திரும்பினார். நிலைப்படியில் உட்கார்ந்து, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதார்.

மதினி எழுந்திருக்கவே இல்லை. அடுப்பு எரியவில்லை, யாரும் சாப்பிடவில்லை. எண்ணெய் ஆறிப்போனது. நான் அவருடைய சேலையைப் பிடித்துக்கொண்டே கிடந்தேன். மத்தியானம் பெரியம்மா பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். போகும்போது என் கன்னத்தைத் தட்டி, "நல்லாருத்தா" என்றார். மனதாரத்தான் சொன்னார். அதுவும் என்னைப் பயமுறுத்தியது.

மறுநாளே மதினி அண்ணனை விரட்டி ஒரு வண்டி பிடிக்கச் சொல்லி, மதுரையில் வேறு ஆஸ்பத்திரிக்கு என்னைக் கொண்டு போனார். அங்கே ஒரு நர்ஸம்மா என்னைத் திருப்பிப் பார்த்துவிட்டு எல்லாரையும் திட்டித் தீர்த்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இதைக்கூடவா யாரும் சொல்லித் தரவில்லை என்றார். ஆமாம், யாரும் சொல்லித் தரவில்லை. புண் ஆற நாலு மாதம் ஆனது. காய்ச்சல் நின்றது, நாற்றம் போனது. சாக வேண்டும் என்ற நினைப்பும் அதோடு போய்விட்டது. எந்த நாளில் போனது என்று எனக்கே தெரியாது.

வீல்சேரில் உட்காரப் பழகிய பிறகு ஒருநாள் மதினியிடம், "நீங்கதேன் எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணீகன்னு நெனச்சேன் மதினி" என்று சொல்லி அழுதேன்.

"நெனச்சிருப்ப. நான் தட்டு வைக்கிற லட்சணத்துக்கு யாரா இருந்தாலும் அப்படித்தேன் நெனப்பாக" என்று சொல்லிச் சிரித்தார். அவர் என்னிடம் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அப்புறம் மாட்டுத்தாவணிப் பக்கம் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீட்டில் எனக்கு ஒரு எஸ்.டி.டி. டெலிபோன் பூத் கிடைத்தது. என் பிழைப்பு நடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு எட்டு வருடம் கழித்து, ஒரு கல்லூரியில் கருணைக்கொலைச் சட்டம் வேண்டுமா என்று கூட்டம் போட்டார்கள். என்னைப் போன்ற மாற்றுத்திறனாளிகள் ஏழெட்டுப் பேரையும் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிட்ட இடத்தில் சரிவுப் பாதை இல்லை. என்னை நாலு பேர் நாற்காலியோடு தூக்கி முன்வரிசையில் வைத்தார்கள்.

மேடையில் ஒரு வக்கீல் பேசினார். நல்ல மனிதர், பேசும்போதே கண் கலங்கினார். துன்பப்படுகிறவரே கேட்கும்போது கொடுப்பதுதானே கருணை, எழுத்துப்பூர்வமான சம்மதம், இரண்டு டாக்டர் என்று எல்லாப் பாதுகாப்பும் வைத்துச் சட்டம் போடலாமே என்றார். 'இவர்களைப் போலத் துன்பப்படுகிறவர்கள்' என்று எங்கள் பக்கம் கையை நீட்டினார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. நான் பூத்தைப் பூட்டிவிட்டு, டீ குடித்துவிட்டு, சந்தோஷமாக வந்திருந்தவள். யாரும் அதைக் கேட்கவில்லை. என் கை இரண்டும் தானாகப் போய்ச் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

மைக்கைக் கேட்டு வாங்கினேன். நடந்ததைச் சொன்னேன். "அன்னைக்கு நீங்க பேப்பர நீட்டியிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பேன் சார். கோணாம, அழகாப் போட்டிருப்பேன்" என்றேன்.

அவர், "அம்மா, உங்கள் வீட்டில் நடந்தது சட்டம் இல்லாததால் நடந்தது. சட்டம் இருந்தால் டாக்டர் வந்து உங்களிடம் கேட்டிருப்பாரே" என்றார்.

"சாகணுமான்னு கேட்டிருப்பாரு சார். புண்ணு இருக்கான்னு யாரு கேட்டிருப்பா?"

அதற்கு யாரும் கைதட்டவில்லை. மைக்கைத் திருப்பிக் கொடுத்தபோது, பக்கத்தில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த ஒருவர், முன்பின் தெரியாதவர், என் காதருகே குனிந்து, "எங்க வீட்லயும் பேசுனாகக்கா" என்று மட்டும் சொன்னார்.

அம்மாவும் நானும் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இன்றுவரை பேசிக்கொண்டதில்லை. என் மேல் உயிரையே வைத்திருப்பவர் அவர். அவர் கையால்தான் இன்றும் ஊருக்குப் போனால் சாப்பிடுகிறேன். ஆனாலும் நினைத்துப் பார்க்கிறேன். சாகணும் என்று சொன்னதும் நான்தான், வேணாம் என்று சொன்னதும் நான்தான். முதல் வார்த்தையை வீடே நம்பியது. இரண்டாவது வார்த்தையை நம்ப ஒரே ஒரு ஆள்தான் இருந்தார், அவரும் அடிகுழாயில் கூட்டம் கொஞ்சம் அதிகமாக இருந்திருந்தால் வந்து சேர்ந்திருக்க மாட்டார்.