மூடியில் இருந்த கையெழுத்து

பழைய கார்களின் ரப்பரைக் காப்பாற்றுவதுதான் ரப்பர்காரரின் பிழைப்பு. முப்பது வருடத்தில் அவர் முகம் சுளிக்காத நாள் கிடையாது. கதவு ரப்பர் பளபளக்க வேண்டுமென்று சமையல் எண்ணெய் தேய்ப்பவர்கள், கிரீச்சென்ற சத்தம் அடங்க இன்ஜின் ஆயிலை ஊற்றுபவர்கள், எல்லோரையும் அவர் வாய்க்கு வந்தபடி திட்டுவார். ஆயில் பட்டு ஊறிப்போன ரப்பரை மோந்து பார்த்தால் அவருக்குக் குமட்டிக்கொண்டு வரும். தூவென்று துப்பிவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, சிலிக்கான் தடவுவார்.

ஊரில் அவருக்கு அதிகம் அருவருப்பூட்டும் ஆள் தங்கையின் புருஷன். வீட்டில் அரதப்பழசான கார் ஒன்று வைத்துக்கொண்டு, அதற்கு எதையாவது பூசி மினுக்குவதே அவன் வேலை.

அந்தக் காரை நேற்று தங்கை ஓட்டிப்போனாள். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் பேக்கரிச் சுவரில் போய் முட்டியது. அவள் நெற்றியில் நாலு தையல். இன்று காரைக் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்கள்.

ரப்பர்காரர் பிரேக் சிலிண்டரைப் பிரித்தார். உள்ளிருந்த ரப்பர்கள் ஊதிப்போய், பிசுபிசுவென்று கையில் ஒட்டின. போன மாதம்தான் அவற்றைப் புதிதாக மாட்டியிருந்தான் மாப்பிள்ளை.

"சீ! எந்தக் கருமத்த மாப்ள தடவுனீங்க? பிரேக் ரப்பர்ல சாதா கிரீஸ் பட்டா ஊறிப் போயிடும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? அவ உயிரு உங்களுக்கு விளையாட்டாப் போச்சா? இனிமே அவ எங்க வீட்லதான் இருப்பா!"

தங்கை கட்டுப் போட்ட நெற்றியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை கார் டிக்கியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, அவள் கண்ணில் படாமல் ரப்பர்காரர் கையில் வைத்தான்.

மூடியில் 'பிரேக் ரப்பருக்கு மட்டும்' என்று அவருடைய கோணல் எழுத்து. போன மாதம் ரப்பர் மாட்டும்போது பூச அவரே கொடுத்ததுதான். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டிய ரப்பர் கிரீஸுக்குப் பதில் பழுப்பாக, சக்கரத்துக்குப் போடும் சாதா கிரீஸ் இருந்தது. காலி டப்பாவைத் தூக்கிப் போட அவருக்கு என்றைக்கும் மனசு வராது. துடைத்துவிட்டு வேறு எதையாவது நிரப்பி வைப்பார். மூடியில் எழுதியதை மாற்றச் சோம்பல்.

விரலில் தொட்டு மோந்தார். அதே நாற்றம். துப்பப் போனவர் அப்படியே விழுங்கிக்கொண்டார்.

"என்னண்ணா, எதனாலயாம்?" என்றாள் தங்கை.

"ரப்பர் சரியில்லயாம். கடைக்காரன் ஏமாத்திட்டான்," என்று மாப்பிள்ளை முந்திக்கொண்டான்.

ரப்பர்காரருக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை நாளும் யாரைப் பார்த்துத் துப்பினாரோ, அவனே அவரைக் காப்பாற்றுகிறான். அதைவிட அந்தப் பொய்க்குப் பின்னால் ஒளிந்துகொள்ள ஒரு நொடி தனக்கு ஆசை வந்ததே, அதுதான் அவருக்குச் சகிக்கவில்லை.

டப்பாவைத் தங்கையின் மடியில் வைத்தார்.

"இல்லம்மா. மூடியப் பாரு. எழுதினது நான்தான்."