பன்றி விரட்டும் விளக்கு

பட்டப்பகலில் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வருகிறார் நமச்சிவாயம். வெயில் உள்ளே வந்தால் விளக்குக்கு மரியாதை இல்லையாம். அறை நன்றாக இருண்ட பிறகு நாற்காலியில் அமர்ந்து, மடியில் கிடக்கும் வாசிப்புக் கருவியைத் தடவுகிறார். மகன் ஆனந்த்சங்கர் கொடுத்த பழைய இ-இங்க் ரகம். தானாக ஒளி விடாது. அவர் அதைச் ‘சிலேட்டு’ என்பார்.

சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸ் ரிக்கார்டு ரூமில் முப்பது வருஷம் அடுத்தவர் பட்டாவைப் படித்துத் தீர்த்தவர். தனக்காகப் படிக்க ஓய்வு கிடைத்தபோது கண்ணும் ஓய்வு கேட்டுவிட்டது. திருநெல்வேலி டாக்டர் மறைக்காமல் சொன்னார்: நரம்பு காய்ந்துவிட்டது, கண்ணாடியோ ஆபரேஷனோ இனி உதவாது.

“அவருக்குக் கண்ணத்தான் தெரியும். லைட்டப் பத்தி என்ன தெரியும்?” என்று மனைவி பகவதியிடம் சொல்லிக்கொண்டே பஸ் ஏறினார்.

அன்று தொடங்கியது கொள்முதல். சிலேட்டின் தலையைக் கவ்வும் கிளிப் விளக்கு வந்தது. “மின்மினி இதவிட நல்லா எரியும்.” கழுத்தில் மாட்டும் விளக்கு வந்தது. “தாடிக்குத்தான் வெளிச்சம் அடிக்கு.” கடைசியில், குருவிகுளம் பக்கம் மக்காச்சோளத்துக்குக் காவல் கிடப்பவர்கள் நெற்றியில் கட்டும் விளக்கு.

“அண்ணாச்சி, இது காட்டுப்பன்னி வெரட்டுத லைட்டு” என்றார் கடைக்காரர் சங்கரசுப்பிரமணியன்.

“நான் மட்டும் என்ன செய்யுதேன்? எழுத்தத்தான வே வெரட்டுதேன். ஒண்ணாவது நிக்கணுமே!”

எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, இப்போது பக்கத்துக்கு மூன்றே சொல். கதாநாயகன் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைய ஏழு பக்கம் ஆகிறது. போன செவ்வாய்க்கிழமை வாசலுக்கு வந்தவன் இன்னும் அங்கேயே நிற்கிறான்.

உள்ளேயே விளக்குள்ள புது மாடலையும் மகன் அனுப்பிவிட்டான். பெட்டி பிரிக்கப்படாமல் பீரோ மேல் இருக்கிறது. “உள்ளருந்து வார வெளிச்சம் நமக்கு ஆகாது” என்கிறார். அதையும் போட்டுப் பார்த்துவிட்டால், அப்புறம் குறை சொல்ல ஒரு விளக்கும் மிஞ்சாது.

இன்று நெற்றி விளக்கை இறுக்கிக் கட்டிப் பொத்தானை அமுக்கினார். மடியும் சிலேட்டும் பளீரென்றன. கத்தரிக்காய் பருமனில் மூன்று சொற்கள். அவர் தலையைத் தாழ்த்தினார், சாய்த்தார், சிலேட்டை மூக்கு வரைக்கும் தூக்கினார்.

“ஏட்டி பகவதி, லைட்டு எரியுதா?”

காப்பியோடு உள்ளே வந்த பகவதி பக்கம் அவர் முகம் திரும்பியது. அவளுக்குக் கண் கூசியது. டம்ளரை வைத்துவிட்டு அவர் அருகில் வந்தாள்.

“எரியலயே. சார்ஜு தீந்துட்டு போல” என்று சொல்லி, அவர் நெற்றியில் எரிந்துகொண்டிருந்த விளக்கை, பொத்தான் சத்தம் கேட்காமல் அணைத்தாள்.