பிரேக் பேடில் வைத்த பொட்டு

இதை எழுத வேண்டும் என்று நினைத்து ஐந்தாறு வருஷம் தள்ளிப் போட்டுவிட்டேன். அன்று வயிற்றில் இருந்த பேத்தி இப்போது பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். பத்தாவதோடு நின்றவன் எழுதினால் யார் படிப்பார்கள் என்பது ஒரு பக்கம். சாமி விஷயத்தையும் பிரேக் விஷயத்தையும் சேர்த்து எழுதினால் சிரிப்பார்களே என்பது இன்னொரு பக்கம். சிரிக்கட்டும். அன்றைக்கு நாங்களும்தான் சிரித்தோம்.

எங்கள் வீடு படப்பைக்குப் பக்கம். ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் எனக்கு வேலை. கார் கம்பெனி என்றதும் முழு காரையும் நானே செய்து அனுப்புகிறேன் என்று சொந்தக்காரர்கள் நினைப்பார்கள். நான் செய்வது கதவு ஓரத்தில் ரப்பர் பொருத்துவது. லைனில் கார் வரும், ரப்பரை அழுத்துவேன், கார் போய்விடும். அவ்வளவுதான்.

வீட்டில் ஒரு பழைய கார் வைத்திருந்தோம். முன் சக்கரத்து பிரேக் பேடு தேய்ந்துபோய், நிறுத்தும்போதெல்லாம் கத்தும். பெரும்புதூர் தாண்டி மகளைக் கொடுத்த வீட்டுக்கு வளைகாப்புக்குப் போனோம். வாசலிலும் அப்படியே கத்திக்கொண்டு நின்றது. சம்பந்தி அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"இன்னாண்ணே, கார்ல பன்னிகின்னி ஏத்திகினு வந்துட்டீங்களா?"

கிளம்பும்போது சொன்னார்: "விஜயதசமி நல்ல நாளு. காலைல வந்து புள்ளய அழைச்சுகினு போங்க. ஆனா இந்தச் சத்தத்தோட வந்தீங்கனா அனுப்ப மாட்டேன். பிரசவம் இங்கியே ஆவட்டும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் மகள் முகம் சுருங்கிவிட்டது. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்று மாதக்கணக்காக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தவள் அவள்.

உடனே புது பேடு வாங்கி வந்தேன். நான் வழக்கமாக வண்டி விடும் ஷெட்டின் மெக்கானிக் தென்காசிப் பக்கத்துக்காரர். ஆயுத பூஜைக்குள் மாற்றித் தருகிறேன் என்றவர், ஷெட்டுக்கு வாழைக்கன்று கட்டிவிட்டுப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். போன் செய்தேன். "பஸ்ல ஏறிட்டேன் அண்ணாச்சி. லீவு முடிஞ்சு வந்து பாத்துத் தாரேன்" என்றார். மற்ற ஷெட்டுகளும் பூட்டு.

சரி, நாமே மாற்றுவோம் என்று துணிந்தேன். அவர் பக்கத்தில் குந்திக்கொண்டு பார்த்திருக்கிறேன். அவர் சொல்லச் சொல்ல ஒரு தடவை என் கையாலும் மாட்டியிருக்கிறேன்.

ஆயுத பூஜை அன்று கம்பெனியில் பூஜை முடிந்து பொரியும் சுண்டலுமாக வீட்டுக்கு வந்தால், ஜாக்கி, ஸ்பானர், சுத்தியல் எல்லாம் பளபளவென்று சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம்.

"பூஜைல வெச்சாச்சு. நாளிக்கி காலைல மறுபூஜை பண்ணிட்டுதான் எடுக்கணும்" என்றாள் என் மனைவி. எனக்கு மட்டும் தெரியாதா? கன்னத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

விடிந்ததும் கற்பூரம் காட்டி சாமான்களை எடுத்தோம். பேடு நான்கையும் அவள் அங்கேயே வைத்திருந்தாள். கையில் எடுத்துத் திருப்பினேன். நான்கிலும் உருண்டையாகப் பொட்டு. விளக்கேற்றிய எண்ணெய்க் கையோடு வைத்திருக்கிறாள்.

"இன்னாம்மே, இங்கியா பொட்டு வெச்சே?"

"பின்ன? மூஞ்சி எந்தப் பக்கம்னு பாத்துதான் வெச்சேன்."

"அது மூஞ்சி இல்ல. சக்கரத்துக்குள்ள தட்டு சுத்துது பாரு, அத புடிக்கிற பக்கம். எண்ணெ பட்டா பிரேக் புடிக்காது. தொடைக்கணும்."

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "புள்ளத்தாச்சிய அழைக்கப் போற நாள்ல குங்குமத்த அழிப்பீங்களா?"

எனக்குத் துடைக்கக் கை வரவில்லை. துடைக்காமல் மாட்டி, அந்தக் காரில் மகளை எப்படி உட்கார வைப்பேன்? "தாயே, நீயே வழி சொல்லு" என்று மனசுக்குள் கேட்டேன். மணி ஓடிக்கொண்டிருந்தது.

அவளே, "இருங்க" என்று பேடை வாங்கி மறுபடியும் சாமிக்கு முன்னால் கொண்டுபோனாள். மோதிர விரலால் அந்தக் குங்குமத்தை எடுத்துத் தாலியில் வைத்துக்கொண்டாள், வகிட்டில் வைத்துக்கொண்டாள், என் நெற்றியிலும் வைத்தாள்.

"அழிக்கல. பிரசாதம் எடுத்துக்கறோம்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான்கு பேடிலும் அப்படியே எடுத்தாள். நாலாவதுக்கு வரும்போது என் நெற்றியில் இடமில்லை. "கோயில் யானை மாதிரி கீறீங்க" என்று அவளே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். மிச்சத்தை மகளுக்கென்று காகிதத்தில் மடித்துக்கொண்டாள். நான் பேடைச் சுத்தமாகத் துடைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.

"முதுகுப் பக்கம் இரும்புதானே? அங்க ஒரு பொட்டு வெச்சா பரவால்லியா?"

"தாராளமா வெய்."

பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கி ஏற்றி, சக்கரத்தைக் கழற்றினேன். பழைய பேடு தேய்ந்து இரும்பே தெரிந்தது. பேடை அழுத்துகிற பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளி, புதியதை உட்கார வைத்து, போல்டை முறுக்கினேன். பிறகு அடுத்த பக்கமும் அப்படியே.

"போலாமா?" என்றாள்.

"பிரேக்க மிதிக்காம வண்டிய நவுத்தக் கூடாது. ஏறி உக்காந்து நீயே மிதி."

ஓட்டுகிற சீட்டில் அவள் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. "ஐயோ, உள்ள போவுதுங்க! ஒண்ணுமே இல்ல!"

"உள்ள தள்ளின பிஸ்டன் வெளிய வரணும். மிதிச்சுகினே இரு, வரும்."

மிதிக்கு ஒரு "தாயே" சொல்லி மிதித்தாள். சொல்லச் சொல்லக் கெட்டிப்பட்டுக்கொண்டே வந்தது. "கல்லு மாதிரி ஆயிடுச்சு!" என்று கத்தினாள். அப்புறம் இறங்க மனசே இல்லை. "நானே ஓட்டிகினு போறேன், நீங்க பின்னால குந்துங்க" என்றாள்.

அவளை இறக்கிவிட்டு, நானே தெருவில் மெதுவாக ஓட்டி, நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்பினோம். சம்பந்தி வீட்டு வாசலில் கார் நின்றது. ஒரு சத்தம் இல்லை. நேரே உள்ளே போய் நின்றோம். அடுப்படியிலிருந்து திரும்பிய சம்பந்தி அம்மா திடுக்கிட்டுப் போனார்.

"வண்டி வந்த சத்தமே கேக்கலியே? பஸ்ல வந்தீங்களா?"

ஜன்னலோரம் நின்ற மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வாசல்ல கீது பாருங்க அத்தே!"

அவர் எட்டிப் பார்த்தார். காரைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார். "ஏண்ணே, ஆயுத பூஜை காருக்கா, உங்களுக்கா?" என்றார். பிறகு தன் கையாலேயே மகளுக்குப் பூ வைத்து, கைபிடித்து அழைத்து வந்து காரில் ஏற்றி, கதவைச் சாத்தினார். கண் கலங்கியிருந்தது. பின் சீட்டில் என் மனைவி காகிதத்தைப் பிரித்து மகள் நெற்றியில் பொட்டு வைத்தாள்.

பொட்டு வைத்த கதை முழுவதையும் கேட்டுக்கொண்டு வழியெல்லாம் சிரித்தபடி வந்தாள் என் மகள். எங்கள் வீட்டில்தான் பிள்ளை பெற்றாள்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். குங்குமம் வைத்ததால் சத்தம் நின்றது என்று சொல்லிவிடாதீர்கள். அதைக் கேட்டு யாராவது பேடில் பொட்டு வைத்துவிடப் போகிறார்கள். சாமி பொட்டை அழித்தும் ஒன்றும் ஆகவில்லை என்றும் சொல்லாதீர்கள். நாங்கள் அழிக்கவில்லை, நெற்றியில் வாங்கிக்கொண்டோம். அந்த நேரத்தில் 'பிரசாதம்' என்ற வார்த்தையை அவள் வாயில் வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். இதில் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.