மஞ்சள் கோடு இல்லாத நட்டு

அந்தக் கார்ப் பந்தய விபத்தின் வீடியோ இப்போதும் இருக்கிறது. நான் வேலை செய்யும் டயர் கடையில், சாப்பாட்டு நேரத்தில் பொடியன்கள் போட்டுப் பார்ப்பார்கள். இரண்டு கார் உரசும். ஒன்று எழும்பிப் பறக்கும். அதன் சக்கரம் கழன்று வேலிக்குப் போகும். வேலி சாயும். அவர்கள் காரைப் பார்ப்பார்கள். நான் வேலிக்குப் பின்னால் புல்லில் இருக்கும் இரண்டு நீலக் கதிரைகளைப் பார்ப்பேன். மடக்கு நாற்காலிகள். வேலி அவற்றின் மேல்தான் விழுகிறது. அவ்வளவு நல்ல இடத்தில் கதிரை போட்டுவிட்டு ஆட்கள் எங்கே போனார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

எனக்குத் தெரியும். எங்கள் அப்பாதான் அவர்களை எழுப்பினார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. படகில் வந்த குடும்பம் நாங்கள். மெல்பேர்னில் டண்டினோங் பக்கம் இருந்தோம். விசா தற்காலிகம். அப்பாவுக்கு வேலி கட்டும் வேலை. பந்தயத்துக்கென்று அங்கே தனியாக ஒரு பாதை கிடையாது. ஏரியைச் சுற்றி சனம் தினமும் ஓடும் தெருவைத்தான் வருஷத்தில் ஒருதரம் பந்தயப் பாதை ஆக்குவார்கள். ஓரம் முழுக்கக் கொங்கிறீட் கட்டைகள். கட்டைக்கு மேலே இரும்புத் தூண். தூணுக்குத் தூண் தடித்த கம்பி வலை. வலையைத் தூணோடு சேர்த்து நட்டு இறுக்குவது அப்பாவின் வேலை. இரண்டு மாதம் அதைத்தான் செய்தார். இறுக்கி முடித்ததும் நட்டின் மேல் மஞ்சள் மையால் ஒரு கோடு இழுப்பார். கோடு இருந்தால் முடிந்தது என்று அர்த்தம்.

வேலை செய்தவர்களுக்குப் பந்தயம் பார்க்க ரிக்கெற் கொடுத்தார்கள். அப்பா போகிற எண்ணத்தில் இல்லை. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கார்ப் பைத்தியம். அவர்தான் அந்த ஞாயிறு எல்லாரையும் இழுத்துக்கொண்டு போனார். அம்மா பெரிய ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றில் நாற்பது மட்டன் ரோல்ஸ் கொண்டுவந்தா. அது எங்களுக்கு இல்லை. பந்தயம் முடிய நேரே ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போக இருந்தோம்.

"மூடியில ஒருத்தரும் கை வைக்கப்படாது" என்று ரயிலிலேயே சொல்லிவிட்டா.

"வைக்கேல்லை அக்கா. மணக்க மட்டும் விடுங்கோ" என்றார் மாமா.

உள்ளே போனதும் அப்பா தன்னுடைய வேலியைக் காட்டினார். அப்பா அதிகம் பேசமாட்டார். கையை மட்டும் நீட்டி, இங்கேயிருந்து அங்கே வரைக்கும் என்று காட்டிக்கொண்டே நடந்தார். வேலிக்கும் சனம் இருக்கும் புல்லுக்கும் இடையில் சில அடி இடைவெளி. அவ்வளவுதான். ஒவ்வொரு தூணிலும் மஞ்சள் கோடுகள். வளைவு திரும்பும் இடத்தில் அப்பாவின் கை நின்றுவிட்டது.

கடைசித் தூணின் நாலு நட்டிலும் கோடு இல்லை.

அப்பாவின் முகம் போன விதத்தை நான் பார்த்தேன். எனக்கும் உடனே விளங்கியது. வேலை முடிகிற கடைசி நாள் நான் வகுப்பில் சாப்பிட்டதெல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தேன். அம்மா கோழித் தொழிற்சாலையில் நின்றா. அங்கே போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் பள்ளிக்கூடத்தில் இருந்து அப்பாவுக்குப் போன் எடுத்தார்கள். அப்பா அப்போது அந்தக் கடைசித் தூணில் நின்றிருக்கிறார். நட்டுகளைக் கையால் சுழற்றி மாட்டியாயிற்று. நட்டுச் சாவி போட்டு இறுக்குவதுதான் பாக்கி. மேற்பார்வைக்காரன் வந்து முடிந்ததா என்று கேட்டான். காதில் போனோடு அப்பா "யெஸ், யெஸ்" என்று சொல்லிவிட்டு என்னைக் கூட்டிப்போக ஓடிவந்தார்.

கையால் சுழற்றின நட்டு பார்க்கிறதுக்கு இறுக்கின நட்டு மாதிரியே இருக்கும். மஞ்சள் கோட்டை அறிந்தவனுக்குத்தான் தெரியும்.

"வா பிள்ளை" என்றார். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். செம்மஞ்சளாகத் தோடம்பழ நிறச் சட்டையோடு, கையில் ரேடியோவோடு ஒரு காவல்காரன் நின்றான்.

"இவரிட்டச் சொல்லு. அந்தக் கடைசித் தூணில நட்டு நாலும் இறுக்கேல்லை. நான்தான் விட்டிட்டன். பின்னால இருக்கிற ஆக்களை எழுப்பச் சொல்லு."

ஏழு வயதில் இருந்து ஆங்கிலத்துக்கு நான்தான் வீட்டுக்கு வாய். டொக்டரிடம் நான். வங்கியில் நான். விசா வழக்கறிஞரிடமும் நான். வழக்கறிஞரின் கதவடியில் அம்மா ஒவ்வொருமுறையும் என் காதுக்குள் சொல்லுவா: "ஒரு சொல்லும் பிழைச்சுப் போகப்படாது. பிழைச்சால் எங்களைப் பிடிச்சுத் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்."

அப்பா பிழை விட்டார் என்பதற்கு ஆங்கிலம் எனக்கு வாயில் வந்துவிட்டது. அந்த ஆளின் நெஞ்சில் ஒரு அடையாள அட்டை தொங்கியது. இடுப்பில் சாவிக்கொத்து. நான் அதைப் பார்த்தேன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்: இந்த வேலியைக் கட்டினது என்னுடைய அப்பா. அவருக்கு நல்ல சந்தோஷம்.

அந்த ஆள் பெரிதாகச் சிரித்தான். "குட் ஒன், மேட்!" என்று அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினான். தோளில் தட்டினான். ரேடியோவில் யாரோ கூப்பிட, அந்தப் பக்கம் ஓடிவிட்டான்.

அப்பா குலுக்கின கையைப் பார்த்தார்.

"சொன்னியே?"

"ஓம்."

"என்னவாம்?"

"பார்க்கிறாராம்."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார். ஒலிபெருக்கியில் பந்தயம் தொடங்கப் பதினைந்து நிமிஷம் இருக்கிறது என்றார்கள். அப்பாவிடம் நட்டுச் சாவியும் இல்லை. என் கையை விட்டார்.

திரும்பி வந்ததும் அம்மாவின் மடியில் இருந்த பெட்டியை எடுத்தார். மூடியைத் திறந்தார்.

"இஞ்சாருங்கோ! என்ன செய்யிறியள்?"

அப்பா எங்கள் பாயை இழுத்துக்கொண்டுபோய், முப்பது அடி தள்ளி ஒரு மரத்துக்குக் கீழே விரித்தார். பிறகு கடைசித் தூணுக்குப் பின்னால் இருந்த ஆட்களிடம் போனார். பதினொரு பேர். நான் எண்ணினேன். அப்பா சிரித்தார். அப்பா சிரித்து நான் அதிகம் கண்டதில்லை. வெள்ளைக்காரருக்கு முன்னால் அப்படிச் சிரித்துக் கண்டதே இல்லை.

"கம். ஈற். ஃப்ரீ. தேர்" என்று மரத்தைக் காட்டினார்.

சிவப்புத் தொப்பி போட்ட பொடியன்கள் மூன்று பேர் முதலில் எழும்பினார்கள். ஒருத்தன் ரோல்ஸைக் கடித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வர இன்னொன்று எடுத்தான். பிள்ளை வண்டியோடு ஒரு பெண் வந்தாள். அவள் பின்னால் ஒரு குடும்பம்.

"அத்தான் கடை திறந்திட்டார்!" என்றார் மாமா. "போர்டு ஒண்டு எழுதித் தரட்டே?"

"நீயும் கூப்பிடு."

"ஏன் அத்தான்?"

"கூப்பிடு எண்டால் கூப்பிடு."

மாமாவுக்கு ஆங்கிலத்தில் கார்களின் பெயர்தான் தெரியும். அவர் இரண்டு கையையும் ஆட்டினார். அம்மா தலையில் கை வைத்தபடி நின்றா. "பிறந்தநாள் வீட்டுக்கு வெறுங்கையோட போறதே? உங்களுக்கென்ன விசரே பிடிச்சிட்டுது?"

காரணம் சொன்னால் அம்மா கத்துவா. அப்பா சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. எங்களைச் சனம் பார்க்கிறது என்ற வெட்கம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

ஒன்பது பேர் வந்தார்கள். இரண்டு பேர் வரவில்லை. நீலக் கதிரையில் ஒரு கிழவரும் அவருடைய மனைவியும். விடியவே வந்து பிடித்த இடமாக இருக்கும். கிழவர் கையை உயர்த்தி வேண்டாம் என்றார். அப்பா திரும்பவும் போனார். மனைவி மரியாதைக்கு ஒரு ரோல்ஸ் எடுத்துக்கொண்டு அங்கேயே இருந்தா. மூன்றாம் முறை போனபோது கிழவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பந்தயம் தொடங்கியது. சத்தம் காதால் வரவில்லை, நெஞ்சால் வந்தது. கார்கள் ஒரே வரிசையாக வளைவில் திரும்பி, கண் மூடித் திறக்கமுதல் போய்விட்டன. மற்றத் தூண்களில் வலை ஆடாமல் நின்றது. கடைசித் தூணில் ஆடியது. அடுத்த சுற்று. திரும்பவும் ஆடியது. மரத்தடியில் எல்லாரும் காரைப் பார்த்தார்கள். அப்பா தூணைப் பார்த்தார். நானும் தூணைப் பார்த்தேன்.

ஐந்தாம் சுற்றோ ஆறாம் சுற்றோ, ஒரு நட்டு கழன்று புல்லில் விழுந்தது.

விழுந்த சத்தம் கேட்கவில்லை. வெயிலில் ஒருதரம் மினுங்கியது, அவ்வளவுதான். நான் அப்போதாவது ஓடிப்போய்க் கிழவரிடம் சொல்லியிருக்கலாம். எங்களில் ஆங்கிலம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மரத்தடியிலேயே இருந்தேன்.

அப்பா எழும்பினார். நேரே நீலக் கதிரைகளுக்குப் போனார். கதிரைக்குப் பக்கத்தில் கிழவரின் ஐஸ்பெட்டி இருந்தது. அதைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். ஓடவில்லை. நடந்தார்.

"ஹேய்! ஹேய்!"

கிழவர் எழும்பினார். முழங்கால் ஏலாத மனிதர். நொண்டி நொண்டி அப்பாவுக்குப் பின்னால் வந்தார். வாயில் வந்த கெட்ட வார்த்தை எல்லாம் வந்தது. பள்ளிக்கூடத்தில் சொன்னால் வீட்டுக்கு அனுப்பும் வார்த்தைகள். மனைவி ரோல்ஸைக் கையில் பிடித்தபடி அவருக்குப் பின்னால் வந்தா. அவரைத் தடுக்க வந்தாவா, சேர்ந்து அடிக்க வந்தாவா தெரியாது. சனம் திரும்பிப் பார்த்தது. ஒருத்தன் போனில் படம் எடுத்தான்.

"ஐயோ கடவுளே, களவும் தொடங்கிட்டுதா இந்த மனுசன்" என்று அம்மா அழுதா.

தோடம்பழச் சட்டைக்காரன் எங்கிருந்தோ ஓடிவந்தான். அப்பாவின் மற்றக் கையைப் பின்னால் பிடித்தான். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது. "உன் அப்பா என்ன செய்கிறார்? கேட்டுச் சொல்" என்றான் ஆங்கிலத்தில்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தேன்.

அப்போதுதான் அது நடந்தது. முதலில் ரப்பர் கிழிகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒரு அடி. நான் நிமிரும்போது கார் வானத்தில் இருந்தது. அதன் சக்கரம் தனியாக வந்து வேலியில் பட்டது. கடைசித் தூணில் வலை கதவு மாதிரித் திறந்தது. பிறகு முழுதாகக் கழன்று, புல்லில், நீலக் கதிரைகளின் மேல் விழுந்தது.

கொடி சிவப்பாக ஆடியது. தூரத்தில் இருந்த கார்கள் ஒவ்வொன்றாகச் சத்தத்தை நிறுத்தின. எல்லாம் நின்றபோது ஏரியில் இருந்த பறவைகளின் சத்தம் கேட்டது. நொறுங்கின காரில் இருந்து ஓட்டினவன் இறங்கி ஒரு கையைத் தூக்கினான். சனம் கை தட்டியது.

எங்கள் பக்கம் கை தட்டவில்லை. கிழவர் தன் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி நின்ற இடத்திலேயே புல்லில் இருந்துவிட்டா. கடிக்காத ரோல்ஸ் இன்னும் கையில் இருந்தது. கிழவர் பெட்டியைத் திருப்பி வாங்கவில்லை. அப்பாவும் அதைக் கீழே வைக்கவில்லை.

அப்பா காவல்காரனிடம் தானே பேசினார்.

"மை மிஸ்ரேக். ஃபோர் நட்டு. மீ."

எங்களை ஒரு கூடாரத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு மேசை, ஒரு போன். போனை ஒலிபெருக்கியில் போட்டார்கள். உள்ளே இருந்து ஒரு பெண்ணின் தமிழ் வந்தது. இந்தியத் தமிழ். எனக்கு அதிசயமாக இருந்தது. இப்படிப் போனிலேயே மொழிபெயர்க்க ஆட்கள் இருக்கிறார்கள் என்று எங்களுக்கு ஒருவரும் சொன்னதில்லை. அப்பா எல்லாவற்றையும் சொன்னார். பள்ளிக்கூடத்தில் இருந்து போன் வந்தது, "யெஸ், யெஸ்" சொன்னது, எல்லாம். நான் பக்கத்தில் இருந்தேன்.

"இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது சொன்னீங்களான்னு கேக்குறாங்க ஐயா" என்றது போன்.

அப்பா போனைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"சொல்ல வெளிக்கிட்டனான். எனக்கு இங்கிலீஷ் வராது. விளங்கப்படுத்த ஏலாமல் போச்சு."

அப்பா என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் பொய் சொன்னது அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன். பெரிய நிம்மதியாக இருந்தது.

திங்கட்கிழமை அப்பாவின் வேலை போனது. அம்மா குசினியில், அடுப்புக்கு முன்னால் நின்று கேட்டா: "நீங்கள் வாயைத் திறக்காட்டில் ஆருக்குத் தெரியும்? கார் இடிச்சு விழுந்த வேலிதானே?"

"ரெண்டு கதிரை" என்றார் அப்பா.

எங்களை ஒருவரும் பிடித்து அனுப்பவில்லை. விசா கதை அதன்பாட்டில் வருஷக்கணக்காக இழுபட்டது. நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். இப்போது நாள் முழுக்கச் சக்கரம் மாட்டுகிறேன். ஒவ்வொரு நட்டையும் இரண்டுதரம் இறுக்குவேன். முதலாளி சிரிப்பார். சிரிக்கட்டும்.

அந்தப் பந்தயம் முடிந்து இரண்டு வாரத்தில் விசா அலுவலகத்தில் இருந்து ஒரு கடிதம் வந்தது. வழக்கம்போல நான் பிரிக்கப் போனேன். அப்பா அதை என் கையில் இருந்து எடுத்தார். குளிர்ப்பெட்டிக்கு மேலே, எனக்கு எட்டாத இடத்தில் வைத்தார். கூடாரத்தில் எழுதி வாங்கிய மொழிபெயர்ப்புப் போன் நம்பர் அங்கே ஒட்டியிருந்தது.

"நான் போனில கேக்கிறன். நீ போய் விளையாடு பிள்ளை."

அதற்குப் பிறகு டொக்டரிடமும் வங்கிக்கும் என்னைக் கூட்டிப்போகவில்லை.

நான் வெளியே போய்ப் பந்தைச் சுவரில் அடித்தேன். திரும்பத் திரும்ப அடித்தேன். ஜன்னலுக்குள்ளே அப்பா போனைக் காதில் வைத்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அப்பா இனி என்னை நம்பமாட்டார், இது எனக்குத் தண்டனை என்று அப்போது நினைத்து அழுதேன்.