கொடிக்கம்பம் நின்ற பக்கம்

தேசிய கீதம் ஒலிக்கும்போது எழுந்து, நிமிர்ந்து, அசையாமல் நிற்க வேண்டும். கொடி ஏற்றும்போதும் இறக்கும்போதும் கொடியை நோக்கி நிற்க வேண்டும். கொடி ஏற்கெனவே கம்பத்தில் பறந்துகொண்டிருக்க, கீதம் மட்டும் ஒலித்தால் எந்தத் திசையைப் பார்ப்பது என்பது பற்றி எனக்குத் தெரிந்த எந்த விதியும் வாய் திறக்கவில்லை. ஒரு அரசு அலுவலகத்தின் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவிலேயே தலை நரைத்து ஓய்வுபெற்றவன் நான். ஒருவருடைய வேலையை எந்த விதியைக் காட்டிப் பறிக்கலாம், எந்த விதியைக் காட்டித் திருப்பிக் கொடுக்கலாம் என்பதைத் தவிர வேறு கலை எதுவும் கற்றவனல்ல. ஆகவே இந்த ஒரு விஷயத்தில் என்னை நம்பலாம்.

பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு பெண் குடியிருக்கிறாள். பள்ளிவாசல் என்ற மலையூரில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். வாலிபால் ஆட்டக்காரி. ஆட்டத்துக்காகவே ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஓர் அலுவலகத்தில் எடுத்துக்கொண்டார்கள். காலையில் பயிற்சி, நடுவில் பெயருக்கு ஒரு நாற்காலி, மாலையில் மறுபடி பயிற்சி. சம்பளம் நாற்காலிக்கு அல்ல, வலைக்கு மேல் எழும்பி அவள் அடிக்கும் அடிக்கு. ஆறடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம். ஆனாலும் அவள் மாடிப்படி இறங்கினால் சத்தமே கேட்காது. "புள்ள பூன மாதர எறங்குதுங்க, நீங்கதான் ஆன மாதர ஏறுறீங்க" என்பாள் என் மனைவி.

சில மாதங்கள் மாடியில் இன்னொருத்தியும் இருந்தாள். அதே அணியில் புதிதாகச் சேர்ந்த இருபது வயதுப் பெண். இவர்கள் இருவருக்கும் பயிற்சி கொடுத்தவர் ஒரே ஆள். இப்போது விளையாட்டுச் சங்கத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். யார் அணியில் இருப்பது, யார் இருக்கக் கூடாது என்பது அவர் கையில். ஒரு பயிற்சி முகாமில் அவர் அந்தச் சின்னவளிடம் முறைகேடாக நடந்துகொண்டார். அவள் பயந்து ஒளியவில்லை, முறைப்படி புகார் கொடுத்தாள். அலுவலகத்தின் புகார்க் குழு, முகாம் நடத்தியது சங்கம், எனவே அது எங்கள் பணியிடம் ஆகாது என்றது. சங்கம், புகார்தாரர் அலுவலகத்தின் ஊழியர், எனவே அங்கேயே கொடுக்கவும் என்றது. இரண்டு பதில்களையும் நான் படித்தேன். குறை சொல்ல முடியாத பதில்கள். அப்படிப்பட்ட பதில்களை நானே எத்தனையோ வரைந்திருக்கிறேன். சின்னவள் கொஞ்ச நாள் காத்திருந்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். விளையாட்டு ஷூவை மாடிப்படிக்குக் கீழேயே விட்டுப் போனாள்.

அதற்கப்புறம் வந்தது இறுதி ஆட்டம். பாலக்காட்டில் ஒரு பள்ளி மைதானம், பட்டப்பகல். நானும் மனைவியும் கேலரியில் இருந்தோம். இரண்டு அணிகளும் மேடையைப் பார்த்து வரிசையாக நின்றன. மேடையின் நடுவில் அந்த மனிதர், சட்டையில் ஒரு ரிப்பன் பூவோடு. கீதம் தொடங்கியது. தொடங்கிய அந்த நொடியில் எங்கள் மாடிப் பெண் அப்படியே முழுதாகத் திரும்பினாள். குதிகால்களைச் சேர்த்து, கைகளை உடலோடு ஒட்டி, மேடைக்கு முதுகைக் காட்டி நின்றாள். உதடுகள் அசைந்தன; பாடிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, புள்ள என்னுங்க இப்படித் திரும்பி நிக்குது?" என்று மனைவி கிசுகிசுத்தாள்.

கீதம் முடியும்வரை நான் பதில் சொல்லவில்லை, தலையைத் திருப்பவும் இல்லை. அப்படித்தான் நிற்க வேண்டும்.

அன்றைய ஆட்டத்தில் அதிகம் அடித்தது அவள்தான். அதை யாரும் படம் பிடிக்கவில்லை. திரும்பி நின்றதைத்தான் பிடித்தார்கள். பொழுது சாய்வதற்குள் அது எல்லோருடைய போனிலும் வந்துவிட்டது. அவள் எந்த நாட்டுக்காரி, எந்த நாட்டுக்குப் போக வேண்டும் என்பதையெல்லாம் முகம் தெரியாதவர்கள் முடிவு செய்தார்கள். அலுவலகம் அவளை சஸ்பெண்ட் செய்தது. பொது ஊழியருக்குத் தகாத நடத்தை என்று குற்றச்சாட்டு. எதற்குள்ளும் அடங்காத எல்லாவற்றையும் அள்ளிப் போடுவதற்காக வைத்திருக்கும் கூடை அது.

அந்த வாரம் வேலந்தாவளத்தில் மாட்டுச் சந்தை. பருத்திக்கொட்டை வாங்கப் போனவனை டீக்கடைக்காரர் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க சார், பாட்டுக்கு முதுகக் காட்டுன புள்ள உங்க ஊட்டு மாடியிலதானுங்களே இருக்குது?"

"பாட்டுக்கு இல்லீங்க, ஆளுக்கு."

"ஆளுக்குக் காட்டோணும்னா வேற நேரமே கெடைக்கலீங்களா? வருசம் முச்சூடும் காட்டலாமே, ஆரு வேண்டாங்குறா?"

பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற மாட்டு வியாபாரி சிரித்தார். அந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. வீட்டுக்கு வந்து அவளிடம் அதை அப்படியே சொன்னேன்.

"மத்த நேரத்துல நான் முதுகக் காட்டுனா யார் சார் பாக்கப் போறா?" என்றாள்.

 அவளைக் காப்பாற்ற என்னிடம் ஒரு வழி இருந்தது. விசாரணைக்கு உள்ளான ஊழியருக்கு ஓய்வுபெற்ற ஒருவர் உடனிருந்து உதவலாம். நான் உடனிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, போனில் சுற்றிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேடை மைதானத்தின் மேற்கே. கொடிக்கம்பம் கிழக்கே, பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு முன்னால். அத்தனை பேரும் கொடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேடையைப் பார்த்து நின்றிருந்தார்கள். கொடியைப் பார்த்து நின்றவள் இவள் ஒருத்திதான்.

ஓய்வுபெற்ற பிறகு எனக்கு அத்தனை மகிழ்ச்சி வந்ததில்லை. அவளை மாடியிலிருந்து கூப்பிட்டேன்.

"இத பாரம்மா. விளக்கத்துல ஒரே வரி போதும். நான் கொடியை நோக்கி நின்றேன். இதுக்கு மேல ஒரு பய உன்னைத் தொட முடியாது."

அவள் போனை வாங்கிப் படத்தைப் பார்த்தாள்.

"கொடி அங்க இருந்ததே எனக்குத் தெரியாது சார்."

"தெரியாதுன்னு எழுத வேண்டாம். நின்னேன்னு மட்டும் எழுதலாம். அது பொய் இல்லையே?"

"பொய் இல்ல சார். ஆனா நான் கொடியப் பாக்கத் திரும்பல. அந்தாள் மூஞ்சியப் பாத்துக்கிட்டுப் பாட முடியாமத்தான் திரும்புனேன். கொடிக்குன்னு எழுதிக் குடுத்தா நாளைக்கு அந்தாளு என்ன சொல்லுவான்? பாருங்க, இவளுக்கு எம்மேல ஒரு வருத்தமும் கெடையாதுன்னு சொல்லுவான்லா?"

"வேலை போயிரும்மா."

"தெரியும் சார். அம்மா ரிட்டயர் ஆகப் போகுது. ரிட்டயர் ஆனா லயத்தையும் காலி பண்ணணும். எல்லாம் தெரிஞ்சுதான் சொல்லுதேன். கொடி வேண்டாம் சார். நீங்களும் சொல்லக் கூடாது."

"ஏனுங்க, அந்தப் புள்ளயே வேண்டாங்குதில்ல, உட்டுருங்க" என்றாள் என் மனைவி, உள்ளேயிருந்து. "பென்சன் வாங்கியும் உங்களுக்கு பைல் ஆச போகுலியே."

அவள் சொன்னபடியே எழுதினேன். இன்னாருக்கு முதுகைக் காட்டவே திரும்பினேன். காரணம் இன்ன புகார். கீதத்துக்கு நிமிர்ந்து நின்றேன், பாடினேன். நான் வரைந்த விளக்கங்களிலேயே சிறியது அது. மோசமானதும் அதுதான், உண்மையைத் தவிர அதில் ஒன்றுமே இல்லை.

விசாரணை அதிகாரி கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர், எனக்குப் பழக்கமானவர், இளகிய மனசு. அலுவலகத் தரப்பு தங்கள் சாட்சியமாக அதே படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கொடுத்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, படத்தை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். அவர் கண்ணில் கம்பம் படக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். கட்சிக்காரருக்குச் சாதகமான ஒன்று கண்டுபிடிக்கப்படும்போது அப்படி வேண்டிக்கொண்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"குழந்தே, உனக்கு எதிர்க்கத் தெரியறது கொடிதானே?"

"ஆமா சார். ஆனா நான்..."

"ஆனாவெல்லாம் பின்னால பாத்துக்கலாம். கொடியைப் பாத்துண்டு நின்னாயா இல்லையா, அதைச் சொல்லு."

"அந்தாளுக்கு முதுகக் காட்டி நின்னேன் சார். அவர் அந்தப் பிள்ளைகிட்ட நடந்துக்கிட்டதுக்கு..."

"அது இந்த விசாரணையோட வரம்புக்குள்ள வராது, கேட்டாயா? அதுக்கு வேற எடம் உண்டு." பிறகு தட்டச்சரிடம் திரும்பினார். "கொடியை நோக்கி நின்றதை ஊழியர் ஒப்புக்கொண்டார். அடிச்சுக்கோ." பிறகு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "நல்ல பாயிண்டைக் கையில வெச்சுண்டு சும்மா உக்காந்திருக்கேளே ஓய்! வயசாயிடுத்தோ?"

தண்டனைக்கு எதிராக மேல்முறையீடு உண்டு, மறுஆய்வு உண்டு, கருணை மனுகூட உண்டு. குற்றமற்றவர் என்று சொல்வதை ஆட்சேபிக்க ஒரு வழியும் இல்லை. எனக்குத் தெரிந்த அத்தனை விதிகளையும் அந்த அறையிலேயே மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். பக்கத்தில் அவள் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு தட்டச்சு இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று அறிக்கை வந்தது. கொடியை மதித்தவர் என்று ஒரு வாக்கியம் கூடுதலாக இருந்தது. அலுவலகம் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. சஸ்பென்ஷன் காலமும் பணிக்காலமாகவே கருதப்பட்டது. என் பழைய சகாக்கள் போனில் அழைத்துப் பாராட்டினார்கள். அந்த மனிதர் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார்: அது நான் வளர்த்த பிள்ளை, எங்களுக்குள் எந்த மனஸ்தாபமும் இல்லை, அவள் கொடியைப் பார்த்து நின்றதில் எனக்குப் பெருமை. அவர் சொல்வார் என்று அவள் முன்பே சொன்னதை அப்படியே சொல்லியிருந்தார்.

அன்று சாயங்காலம் அவள் கீழே வந்து சமையலறை வாசலில் நின்றாள். ஊருக்குப் போன சின்னவள் போன் செய்தாளாம்.

"என்ன கேட்டுச்சு கண்ணு?" என்றாள் மனைவி.

"பேப்பர்ல பாத்தேன்க்கா, நீங்க கொடியத்தான் பாத்தீங்களாம்லா, அப்ப எனக்காகத் திரும்பலியான்னு கேக்குதும்மா."

"நீ என்ன சொன்ன?"

"சொன்னேன். நம்புன மாதிரி தெரியல."

அதன்பின் அணி முகாமுக்கு அவளை யாரும் அழைக்கவில்லை. நீக்கியதாக உத்தரவு எதுவும் இல்லை. காரணம் கேட்டு அவள் பெயரில் எழுதிப் பார்த்தேன், பதில் வந்தது: தேர்வு என்பது தேர்வாளர்களின் விருப்பத்துக்கு உட்பட்டது. உத்தரவு எதுவும் பிறப்பிக்கப்படாததால் மேல்முறையீட்டுக்கு இடமில்லை. இந்தப் பதிலும் குறை சொல்ல முடியாததுதான். ஒரு வரி எழுதித் தந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நான் உச்சிவரை ஏறியிருப்பேன். எழுதக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அணியில் இல்லாதவருக்குப் பயிற்சி எதற்கு என்று அந்த நேரச் சலுகையையும் எடுத்துவிட்டார்கள். இப்போது காலை முதல் மாலைவரை அந்த நாற்காலியில் உட்கார்ந்து தபால்களுக்கு முத்திரை குத்துகிறாள். மேசை அவள் உயரத்துக்குப் போதாது, முழங்கால் இடிக்கிறது. இப்போது அவள் படி இறங்கும் சத்தம் கேட்கிறது.

இந்த வருடமும் அதே மைதானத்தில் இறுதி ஆட்டம் நடந்தது. போக வேண்டாம் என்றேன். "ஆட்டந்தான சார் பாக்கப் போறேன்" என்றாள். மூவரும் போனோம். கேலரியில் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். கிழக்கே பழைய கம்பம் வெறுமையாக நின்றது. மேடையை ஒட்டி, அந்த மனிதரின் நாற்காலிக்கு நேர் பின்னால், வெள்ளை பூசிய புதுக் கம்பம் ஒன்று. கொடி அதில்தான் பறந்தது. சென்ற முறை ஏற்பட்ட குழப்பத்தை முறைப்படி சரிசெய்திருக்கிறார்கள். என்னிடம் கேட்டிருந்தாலும் இதைத்தான் யோசனையாகச் சொல்லியிருப்பேன்.

எல்லோரும் கொடியை நோக்கி நிற்கும்படி மைக்கில் சொன்னார்கள். எழுந்தோம். கீதம் தொடங்கியது. கொடியைப் பார்த்தேன், கொடியைப் பார்த்தால் அவரையும் பார்த்தாக வேண்டும். எனக்கு இடப்பக்கத்தில் அவள். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாள் என்று தெரிந்துகொள்ள மனம் கிடந்து தவித்தது. தலையைத் திருப்பக் கூடாது. நான் திருப்பவில்லை.

முடிந்ததும் மனைவி என்னைத் தாண்டி எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"நீ எங்க பாத்து நின்ன கண்ணு?"

"எல்லாரும் பாத்த பக்கந்தாம்மா. வேற பக்கம் எங்க இருக்கு?" அவள் உட்காரவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் நிக்கான் சார், எல்லாரையும் விட நேரா. எங்களுக்கெல்லாம் நிக்கப் பழக்குனதே அந்தாளுதான."

கீழே விசில் ஊதினார்கள். பின்வரிசையில் இருந்தவர் மறைக்கிறது என்று சத்தம் போட்டார். அவள் உட்கார்ந்தாள்.